ஆவுடையின் குரலுக்கு ஐந்து ஸ்பீக்கர்

மே 3, சனி

பார்சல் வந்துவிட்டது. பெரிய பெட்டி இரண்டு, சின்னது ஒன்று. கொரியர்காரர் பெல் அடித்தாராம், கதவைத் தட்டினாராம். கடைசியில் எதிர்வீட்டுத் தேவசகாயத்தைக் கூட்டிவந்து ஜன்னல் வழியாகக் கூப்பிட்ட பிறகுதான் நான் எழுந்து போனேன். பெல்லில் ஏதோ கோளாறு. நாளைக்குக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அனுப்பியது என் மகள் ஆவுடைச்செல்வி. சென்னையில் படங்களுக்கு டப்பிங் பேசுகிறாள். திரையில் வாயசைப்பது ஒருத்தி, குரல் என் மகளுடையது. இதுவரை ஆஸ்பத்திரி நர்ஸ், பஸ்ஸில் வருகிறவள், பக்கத்து வீட்டுக்காரி என்று ஒரு வரி இரண்டு வரிதான் கொடுத்துவந்தார்கள். இந்த முறை கதாநாயகிக்கே இவள்தான். படம் 24ஆம் தேதி நேராக டிவியில் வருகிறது. அன்றைக்கு அவளும் ஊருக்கு வருகிறாள். தியேட்டரில் கேட்கிற மாதிரி நம் வீட்டு ஹாலில் அப்பா கேட்க வேண்டும் என்று, டிவியின் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற ரிசீவர், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கி அனுப்பியிருக்கிறாள்.

கடைக்காரர்கள் போன் செய்து, ஆள் அனுப்பி மாட்டித் தருகிறோம் என்றார்களாம். என் மனைவி கோமதிதான் பேசினாள். ஆயுள் முழுக்க மின்வாரியத்தில் சப்-ஸ்டேஷன் பார்த்தவன் வீட்டுக்கு வயர் மாட்ட ஆளா? வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். சப்-ஸ்டேஷனில் ஒவ்வொரு மெஷினுக்கும் லாக் எழுதுவோம். வந்த நாளிலிருந்து குறிப்பு இருந்தால்தான் பின்னால் பழுது எங்கே என்று பிடிக்க முடியும். அதனால் இதை எழுதுகிறேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் ஆரம்பம். வியர்த்து ஊற்ற ஊற்ற வயர் இழுத்தேன். டிவிக்கு இடமும் வலமும் ஒவ்வொரு ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரண்டு, டிவிக்குக் கீழே நடுவில் சென்டர் ஸ்பீக்கர். தனியாக மூலையில் 'டம்' என்று அடிக்க ஒரு பெட்டி. படத்தில் யார் பேசினாலும் பேச்சு வருவது அந்த சென்டர் ஸ்பீக்கரில்தான். ஆகவே ஆவுடை குடியிருக்கப் போவது அதில்தான். அதைத் தனியாகத் துடைத்து வைத்தேன்.

நான் ஏணியில் நிற்கும்போதே கோமதி டேப்போடு வந்து எல்லாவற்றையும் அளந்துகொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் சென்டர் ஸ்பீக்கருக்கு அரக்குச் சிவப்பில் வெல்வெட் உறை தயார். உள்ளே லைனிங் வேறு. டிவிக்கு உறை, ஃப்ரிட்ஜுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. இந்த வீட்டில் உறை இல்லாமல் இருப்பது நானும் ஃபேனும்தான்.

போட்டுப் பார்த்தோம். சண்டைக் காட்சியில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பிரமாதம். ஆனால் பேச ஆரம்பித்தால் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். செட்டிங் சரியில்லை.

பெல்லையும் கழற்றினேன். பழுது ஒன்றும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று துடைத்து மாட்டினேன்.

மே 6, செவ்வாய்

கோமதி கோயிலுக்குப் போகும்போது, குக்கர் மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஹாலில் ரிசீவரின் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விசிலும் வரவில்லை. அவள் திரும்பி வந்தபோது பருப்பு அடிப்பிடித்துக் கரியாகிவிட்டிருந்தது.

"தெருமுக்குல வரும்போதே விசில் கேக்கு. உள்ள இருக்கவகளுக்குக் கேக்கலையாக்கும்" என்றாள்.

கேஸ்கட் போயிருக்கும். புதிது வாங்க வேண்டும்.

மே 8, வியாழன்

இந்த ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வருகிறது. நாம் உட்காரும் இடத்தில், நம் காது இருக்கும் உயரத்தில் அதை வைக்க வேண்டும். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் 'ஷ்ஷ்' என்று ஒரு சத்தம் விடும். மைக் கேட்டுச் சொல்லும். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு சத்தம் வேண்டும் என்று ரிசீவரே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

என் சோபாவில் தலையணையை அடுக்கி, மேலே அரிசி அளக்கிற படியைக் கவிழ்த்து, அதன்மேல் மைக்கை வைத்தேன். சுற்றுப்புறச் சத்தம் அதிகம் என்று ரிசீவர் மறுத்துவிட்டது. கதவைச் சாத்தினேன். மறுபடி மறுத்தது. ஜன்னல்களைச் சாத்தினேன். மறுபடியும் அதேதான். கோமதியின் வளையலைக் கழற்றச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே கையைக் காட்டினாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் சித்திரை மாதம் ஃபேன் ஓடுவதை ஒரு சத்தமாக யார் நினைப்பார்கள்? நான் பிறந்ததிலிருந்து நினைத்ததில்லை.

ஃபேனை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் உள்ளே வெந்தோம். ரிசீவர் எல்லாம் சரி என்று சொல்லி, சென்டருக்கு ஓர் அளவு வைத்துக்கொண்டது. உட்கார்ந்து கேட்டேன். அதே கொழுக்கட்டை. மைக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. நானே சென்டரின் லெவலைக் கடைசிவரை ஏற்றினேன். இப்போது கொஞ்சம் தேவலை.

மே 11, ஞாயிறு

தேவசகாயத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு படம் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னவே நாயகம், செவிடுக்கா சங்கு ஊதுதீரு? ஆம்பள பேசினாக்கூடத் தாங்கலாம், அந்தப் பிள்ள பேசினா காதுல ஊசி குத்துது."

"பழைய அளவே நல்லாத்தான் இருந்துது, அண்ணாச்சி. இவுகதான் ஏத்தி ஏத்தி வச்சிருக்காவ" என்று கோமதி சேர்ந்துகொண்டாள்.

தேவசகாயம் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். வாழ்நாள் பூரா தன் காதுக்குப் பக்கத்திலேயே விசில் ஊதியவர். அவருக்குச் சத்தத்தைப் பற்றி என்ன தெரியும்? கொஞ்சம் சுண்டல் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் ஆவுடை போன் செய்தாள். சிக்னல் ரொம்ப மோசம், ஒரே இரைச்சல். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுக் கோமதியிடம் கொடுத்தேன்.

மே 12, திங்கள்

தோட்டத்தில் சில்வண்டுச் சத்தமே இல்லை இந்த வருஷம். பூச்சிமருந்து அடித்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்கள் பாவிகள்.

மே 13, செவ்வாய்

காலையில் கோமதி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் எதிரே உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் விஷயம் பெரிது.

"முந்தாநாத்து ஆவுடை போன்ல அழுதா. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அந்தப் படத்துல வார பெரிய வசனத்த முதமுதல்ல உங்களுக்குத்தான் பேசிக் காட்டணும்னு வச்சிருந்தாளாம். முழுசும் பேசி முடிச்சிருக்கா. நீங்க என்ன சொன்னிய? சரி சரி, சாப்பிட்டியான்னு கேட்டுட்டு போன எங்கிட்டத் தந்துட்டிய. அப்பாவுக்கு இந்த வேல பிடிக்கலையாம்மா, ரெண்டு வார்த்தைக்கு மேல எங்கிட்டப் பேச மாட்டேங்காவளேன்னு தேம்பித் தேம்பி அழுதா."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. எனக்கா பிடிக்கவில்லை? தெருவில் எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்து என் மகள் கதாநாயகிக்குப் பேசுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் கறிவேப்பிலைக்காரியிடம்கூடச் சொன்னேன். ஆவுடை வசனம் பேசியபோது எனக்குக் கேட்டது இரைச்சல்தான். சத்தியமாக இரைச்சல்தான்.

கோமதியிடம் சிக்னல் என்றேன். அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

24ஆம் தேதி ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். அப்போதும் கொழுக்கட்டையாக இருந்தால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

மே 14, புதன்

கோபத்தை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, சப்-ஸ்டேஷனில் செய்வதைச் செய்தேன். ஒரு ஊருக்குக் கரண்ட் போகவில்லை என்றால் கத்திக் கூப்பாடு போட்டுப் பயனில்லை. புறப்படும் இடத்திலிருந்து பகுதி பகுதியாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எதுவரைக்கும் நன்றாக இருக்கிறதோ, அதற்கு அடுத்த பகுதியில் பழுது.

டிவியிலிருந்து ரிசீவருக்கு வருகிற வயர்: சரி. ரிசீவரிலிருந்து சென்டருக்குப் போகிற வயர்: சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, சரி. சென்டர் ஸ்பீக்கர்: கையை வைத்தால் அதிர்கிறது, சரி. ரிசீவர் வைத்த பழைய அளவுக்கே எல்லாவற்றையும் திருப்பிவிட்டு, கோமதியை என் சோபாவில் உட்காரவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். திரையில் வசனம் எழுத்தாக ஓடும்படி வைத்தேன். கேட்பதைத் திருப்பிச் சொல் என்றேன். எழுத்தில் இருந்தது ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் அந்தக் கதாநாயகன் பேச்சை நம்பாதே என்று கதாநாயகிக்குப் புத்தியும் சொன்னாள். ஆக, சோபா வரைக்கும் பேச்சு வந்து சேர்கிறது.

அவளை எழுப்பிவிட்டு அதே இடத்தில் நான் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

படிமேல் மைக் இருந்த இடத்தில் சத்தம் இருக்கிறது. கோமதி இருந்த இடத்தில் இருக்கிறது. நான் உட்கார்ந்தால் இல்லை. மிச்சம் இருக்கிற பகுதி ஒன்றுதான்.

முறைப்படி அதை லாக்கில் எழுத வேண்டும். பால் வாங்க நேரமாகிவிட்டது.

மே 15, வியாழன்

ஸ்பீக்கர் வயர் வாங்கிவருவதாகக் கோமதியிடம் சொல்லிவிட்டு ஜங்ஷனுக்குப் போனேன். போனது காது டாக்டரிடம். அங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பித்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் வந்ததற்கெல்லாம் டக்டக்கென்று அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதா என்று வெளியே எட்டிப் பார்த்தேன். சோதிக்கிற அம்மாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மும்முரமாகத் திருகிக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு ஒரு கோட்டுப் படம் காட்டினார். பாதிவரை நேராக வந்து, அப்புறம் மாடிப்படியில் உருண்டு விழுந்த மாதிரி இறங்கியது.

"கனமான சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லாக் கேக்கும், அண்ணாச்சி. மெல்லிசா இருக்கிறதுதான் போயிருக்கு. பொம்பளையாளுக பேச்சு, போன் பேச்சு, குக்கர் விசில், காலிங் பெல் இதுலதான் மொதல்ல தெரியும்."

"சில்வண்டு?"

"அதுவும்தான்."

ஒன்றும் செய்யாத பூச்சிமருந்துக்காரர்களை அநியாயமாகத் திட்டிவிட்டேன். காதுக்கு மெஷின் வைத்தால் கேட்குமா, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்காதது 24ஆம் தேதி கேட்குமா என்று கேட்டேன். கேட்கும், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

வயர் எங்கே என்றாள் கோமதி. கடை பூட்டியிருந்தது என்று சொல்லிவிட்டேன்.

மே 19, திங்கள்

மறுபடி வயர் வாங்கப் போனேன்.

நகத்தளவு மெஷின், காதுக்கு ஒன்று. அதைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து அந்த அம்மாள் அளவு வைக்க ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது லெவல், வலது லெவல், கனமான சத்தம் இவ்வளவு, மெல்லிய சத்தம் இவ்வளவு. நான் இரண்டு வாரமாக ஹாலில் உட்கார்ந்து செய்த அதே வேலை. "இடதுல மேல் பக்கம் ரெண்டு ஏத்துங்க, வலது இருக்கட்டும்" என்றேன். அவர் ஏற்றினார். சரியாக இருந்தது. "ஒங்களுக்கு யாரு அண்ணாச்சி இதெல்லாம் சொல்லித் தந்தா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு பெரிய மெஷின் இருக்கிறது என்றேன்.

வெளியே வந்தால் ஊரே கூச்சல். என் செருப்பு கீச்கீச்சென்று கத்துகிறது. எத்தனை நாளாகக் கத்துகிறதோ.

வீட்டுக்குள் நுழைந்தேன். அடுக்களையில் கோமதி முணுமுணுப்பது தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

"ஒத்த வயரு வாங்க எத்தன நட. வந்ததும் தொர அந்தப் பொட்டியத் தடவ உக்காந்துருவாவ. கேஸ்கட் வாங்கணும்னு சொன்னது என்னாச்சு, கேஸ்கட்டு."

"தொர வந்தாச்சு. கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு, வேண்டாம்" என்றேன், ஹாலில் இருந்தபடியே.

உள்ளே கரண்டி விழுந்தது. ஈரக்கையோடு வந்து நின்றாள். என் காதைப் பார்த்தாள். கிண்டல் செய்வாள் என்று தயாராக இருந்தேன். செய்யவில்லை.

"எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். சொன்னா சண்டைக்கு வருவிய" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இனிமே அடுக்களைக்குள்ள வச்சு உங்கள நாலு வார்த்த திட்டவும் முடியாது" என்றாள்.

ஆவுடையிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் குரலை நான் கேட்டுவிட்ட பிறகு சொல்லலாம். கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதை நினைக்கவில்லை.

மே 21, புதன்

புதுக் காதோடு, நான் முன்னே ஏற்றிவைத்திருந்த அளவுக்கே மறுபடி ஏற்றி ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்தேன். அலறிக்கொண்டு ரிமோட்டைத் தேடினேன். தேவசகாயம் அன்றைக்கு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்ததே பெரிய மனசு. அவருக்கு வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தனுப்பினேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து. ஃபேன் நிறுத்தம், ஃப்ரிட்ஜ் நிறுத்தம், கோமதி மொட்டை மாடியில். படிமேல் மைக். ரிசீவர் சரி என்றது. உட்கார்ந்து கேட்டேன். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் குரலில் ஒரு மப்பு இருந்தது. கோமதிக்குத் தெரியவில்லை, கூப்பிட்டுவந்த தேவசகாயத்துக்கும் தெரியவில்லை. நான் விடவில்லை. அந்த 'ஷ்ஷ்' சத்தத்தை ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடவிட்டேன். இடதில் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரிந்தது. சென்டரில் அதே கடுகு மூடி போட்ட சட்டிக்குள் பொரிந்தது.

நேரே போய் வெல்வெட் உறையை உருவினேன்.

"தூசி விழும்" என்றாள் கோமதி.

"விழட்டும். நான் துடைக்கேன்."

உறையோடு ஒருதரம், உறை இல்லாமல் ஒருதரம் அதே காட்சியைப் போட்டேன். இரண்டாம் தரம் போட்டதும் தேவசகாயம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாவே" என்றார். கோமதி உறையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். அது போதும் எனக்கு.

லாக்: பேச்சு கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் என் காது, கொஞ்சம் கோமதியின் வெல்வெட். செட்டிங் சரியில்லை என்று நான் முதல் நாளே சொன்னது முழுப் பொய்யில்லை. உறையைக் கழற்றிவிட்டு மைக்கை மறுபடி வைத்து அளவெடுத்தாயிற்று. இனி யாரும் ரிமோட்டைத் தொடக் கூடாது.

மே 24, சனி

ஆவுடை காலை ரயிலில் வந்தாள். மெலிந்திருக்கிறாள். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கே அவள் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "அப்பா எதுவும் சொல்லாண்டாம்மா, படத்த முழுசாப் பாத்தாப் போதும்." நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குத் தெருவே ஹாலில். ஆளுக்கொரு டம்ளர் நன்னாரி சர்பத் வந்தது. ஆவுடையின் பெரிய வசனம் வருகிற கோர்ட் காட்சி நெருங்கியதும் நான் எழுந்து ஃபேனை நிறுத்தினேன்.

"கத்திரியில ஃபேன நிறுத்துறது கொலக்குத்தம்வே" என்றார் தேவசகாயம்.

"வசனம் முடியட்டும், போடுதேன். அதுவரைக்கும் சர்பத்தக் குடியும்."

கோர்ட்டுக்கு வெளியே மழை. மழை பின்னால் இரண்டு ஸ்பீக்கரிலும் பெய்தது. ஒரு மாமி ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். வக்கீலின் பூட்ஸ் இடது பக்கத்திலிருந்து நடந்து வலது பக்கத்துக்குப் போனது. கூண்டில் நிற்கும் பெண்ணிடம் பொய் சொல்கிறாய், பொய் சொல்கிறாய் என்று கத்துகிறான். மழை நிற்கிறது. அவள் பதிலுக்குக் கத்தவில்லை. நடு ஸ்பீக்கரில் முதலில் ஒரு மூச்சு. பிறகு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் சொல்கிற மாதிரி, "நான் பாத்தேன். இந்தக் கண்ணால பாத்தேன்" என்றாள்.

என் மகள். முகம் வேறு யாருடையதோ. குரல் என் ஆவுடை. சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் இந்தக் குரலில்தான் தண்ணீர் கேட்பாள். ஹாலில் டம்ளர் நகரும் சத்தம்கூட இல்லை. வியர்வை கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது, ஒருத்தரும் துடைக்கவில்லை.

ஆவுடை சோபாவுக்குப் பின்னால், அம்மாவோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பின்பக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அவள் கிசுகிசுப்பது கேட்டது.

"அம்மா, அப்பாவுக்குக் கேட்டுச்சா?"

நான் திரும்பாமலே சொன்னேன்.

"கேட்டுது. பாத்தேன்னு சொல்லதுக்கு முன்னால ஒரு மூச்சு எடுத்தியே, அதுவும் கேட்டுது."

பிறகு அவள் சுற்றிக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். என் காதைப் பார்த்தாள். முடியை ஒதுக்கி இன்னொரு காதையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"அந்த மூச்ச வெட்டிருவோம்னு சொன்னாங்கப்பா. அது இருந்தாத்தான் அவ சொல்றத நம்புவாங்கன்னு நான்தான் சண்ட போட்டு வைக்கச் சொன்னேன்" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

"இப்பமாவது ஃபேனப் போடும்வே" என்றார் தேவசகாயம். அவரும் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் வியர்வை என்பார்.

மே 27, செவ்வாய்

ஆவுடை போன் செய்தாள், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாளாம். அடுத்த படத்தில் வயசான அம்மா வேஷத்துக்குக் குரல் கொடுக்கக் கேட்கிறார்களாம். பேசிக் காட்டச் சொன்னேன். பேசிக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் கரகரப்பு வேண்டும் என்றேன். மறுபடி பேசினாள். நடுவில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே போய் அணைத்துவிட்டு வந்தேன். கோமதி பக்கத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவளிடம் கொடுத்தபோது போனில் சார்ஜ் இல்லை.